மேற்கு வெயிலும் மேசை வெளிச்சமும்

சித்திரை மாத நடுப்பகலில் சென்னையில் திறந்த வெளியில் விழும் வெளிச்சம் ஏறக்குறைய ஒரு லட்சம் லக்ஸ். அலுவலக மேசையில் கோப்பு பார்க்கவும் கணினியில் வேலை செய்யவும் 300 முதல் 500 லக்ஸ் போதும். வெளியே கொட்டிக் கிடப்பதில் நூற்றில் அரைப் பங்குதான் நமக்குத் தேவை. அந்த அரைப் பங்கை மட்டும் உள்ளே விட்டு, மிச்சத்தை வெளியிலேயே நிறுத்துவது எப்படி என்பது அலுவலகக் கட்டடம் கட்டுபவர்கள் எல்லோரும் சந்திக்க வேண்டிய கேள்வி. கடந்த கால் நூற்றாண்டில் நம் நகரங்களில் எழுந்த கட்டடங்களில் பெரும்பாலானவை அதைச் சந்திக்கவே இல்லை. தரையிலிருந்து கூரைவரை கண்ணாடி போடுகிறார்கள். கண் கூசுவதால் உள்ளே பிளைண்ட்ஸ் இறக்குகிறார்கள். இருட்டிவிடுவதால் பகலிலேயே விளக்கு எரிக்கிறார்கள். கண்ணாடி வழியே வந்துவிட்ட வெப்பத்தை வெளியேற்ற ஏசி ஓடுகிறது. ஒரே தவறுக்கு நான்கு இடத்தில் பணம் கட்டுகிறோம்.

வெப்பம் இல்லாத வெளிச்சம் என்று ஒன்று கிடையாது. வெயிலின் ஆற்றலில் கண்ணுக்குத் தெரியும் ஒளி பாதிக்கும் சற்றுக் குறைவு. மீதியில் பெரும்பகுதி அகச்சிவப்புக் கதிர், சில சதவீதம் புற ஊதாக் கதிர். அகச்சிவப்பைத் தடுத்தாலும், உள்ளே வந்த ஒளி சுவரிலும் தரையிலும் மேசையிலும் பட்டுச் சிதறி, கடைசியில் வெப்பமாகத்தான் முடியும். ஆகவே தேவைக்கு மேல் வரும் ஒவ்வொரு லக்ஸும் ஏசிக்குச் சுமை.

கண்ணாடியை மதிப்பிட இத்துறையினர் இரண்டு எண்களைப் பார்க்கிறார்கள். மேலே விழும் வெயில் வெப்பத்தில் எவ்வளவு பங்கு உள்ளே சேர்கிறது என்பது ஒன்று. எஸ்ஹெச்ஜிசி என்று சொல்வார்கள். ஒளியில் எவ்வளவு பங்கு ஊடுருவுகிறது என்பது மற்றொன்று, அது விஎல்டி. 6 மில்லிமீட்டர் சாதாரணக் கண்ணாடி ஒளியில் சுமார் 88 சதவீதத்தை விடும். வெப்பத்திலும் சுமார் 82 சதவீதத்தை விட்டுவிடும். பச்சை, நீலம், சாம்பல் என்று சாயம் கலந்த கண்ணாடிகள் வெப்பத்தைத் தாமே உறிஞ்சிக்கொள்கின்றன. உறிஞ்சியதில் ஒரு பகுதியை உட்பக்கமும் கக்குகின்றன. ஏசி 24 டிகிரி காட்டிக்கொண்டிருக்கும்போதும் சாயக் கண்ணாடிக்குப் பக்கத்து இருக்கைக்காரருக்குத் தோளும் கன்னமும் காந்துவது இதனால்தான். காற்று குளிர்ந்திருக்கிறது, சூடேறிய கண்ணாடியிலிருந்து வரும் கதிர்வீச்சு குளிரவில்லை. அவர் ரிமோட்டை எடுத்து இரண்டு டிகிரி குறைப்பார், உள்வரிசையில் இருப்பவர் சால்வை போர்த்திக்கொள்வார்.

இன்றைய உயர்தரக் கண்ணாடி 'லோ-ஈ' வகை. கண்ணாடிப் பரப்பில் வெள்ளிப் படலம் பூசுகிறார்கள். ஒரு படலத்தின் தடிமன் மில்லிமீட்டரில் ஏறத்தாழ லட்சத்தில் ஒரு பங்கு. அந்த மெல்லிய வெள்ளி ஒளியைப் பெருமளவு விட்டு, அகச்சிவப்பைத் திருப்பி அனுப்புகிறது. வெள்ளி காற்றுப் பட்டால் கெடும் என்பதால் இரட்டைக் கண்ணாடிக்கு நடுவே அடைத்து வைக்கிறார்கள். இரண்டு, மூன்று படலங்கள் பூசிய கண்ணாடியில் வரும் வெப்பத்தின் பங்கைப்போல ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு ஒளியின் பங்கு வரும். அதற்கு மேல் அதிகம் போக முடியாது. வெயிலில் பாதியளவு ஒளியாகவே இருப்பதால் இயற்கையே போட்ட எல்லை அது.

பெரிய அளவில் கண்ணாடி செய்யும் திறன் நம் பக்கத்திலேயே உண்டு. ஸ்ரீபெரும்புதூரில் செயின்ட் கோபைன் ஆலை 2000-இல் உற்பத்தியைத் தொடங்கியது. தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பட்டதும் அதே ஆண்டில்தான். கண்ணாடி கைக்கு எட்டியது, கண்ணாடி முகப்புதான் நவீன அலுவலகத்தின் அடையாளம் என்ற எண்ணமும் கூடவே வேரூன்றியது.

நல்ல கண்ணாடி வாங்கிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்ற நம்பிக்கையை ஒரு சின்னக் கணக்கில் சோதித்துப் பார்க்கலாம். மேற்குச் சுவரில் பத்துச் சதுர மீட்டர் ஜன்னல். தெளிந்த வானம், பிற்பகல் நான்கு மணி. சுவரில் ஒரு சதுர மீட்டருக்கு 600 வாட் வெயில் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். சாதாரணக் கண்ணாடியில் எஸ்ஹெச்ஜிசி 0.8 என்றால் உள்ளே வருவது 4,800 வாட். ஒரு டன் ஏசி சுமார் 3,500 வாட் வெப்பத்தை வெளியேற்றும். அப்படியானால் இந்த ஒரு ஜன்னலுக்கு மட்டும் ஒன்றேகால் டன்னுக்கு மேல் வேண்டும். அதே இடத்தில் 0.25 மதிப்புள்ள விலை உயர்ந்த கண்ணாடி போட்டால் 1,500 வாட். இனி அதை விட்டுவிட்டு, சாதாரணக் கண்ணாடியையே வைத்து, வெளியே நிழல் கட்டி நேர்வெயிலை முழுக்கத் தடுக்கிறோம். வானத்திலிருந்து பரவி வருவது சதுர மீட்டருக்கு 150 வாட் என்றாலும் உள்ளே சேர்வது 1,200 வாட்தான். விலை உயர்ந்த கண்ணாடியைவிடக் குறைவு. கண்ணாடியும் கருக்காமல் தெளிவாக இருக்கும், வானம் வானமாகவே தெரியும். இரண்டையும் சேர்த்தால் 400 வாட்டுக்குள் அடங்கிவிடும். வெயிலைத் தடுக்க வேண்டிய இடம் கண்ணாடிக்கு வெளியேதான். உள்ளே தொங்கும் பிளைண்ட்ஸில் வெயில் படும்போது வெப்பம் ஏற்கெனவே அறைக்குள் வந்துவிட்டது. ஒரு பகுதியைத்தான் அதனால் திருப்பி அனுப்ப முடியும்.

நிழல் என்றால் எவ்வளவு நிழல்? எந்தத் திசை என்பதைப் பொறுத்தது. இந்த இடத்தில்தான் சென்னையின் 13 டிகிரி அட்சரேகை பேசத் தொடங்குகிறது. தெற்குச் சுவரில் ஒன்றரை மீட்டர் உயர ஜன்னலை எடுத்துக்கொள்வோம். மார்ச், செப்டம்பர் மாதங்களின் சமபகல் நாட்களில் உச்சிவேளைச் சூரியன் 77 டிகிரி உயரத்தில் நிற்கிறது. 35 சென்டிமீட்டர் சன்ஷேடு போட்டால் ஜன்னல் முழுக்க நிழல். டிசம்பரில் சூரியன் தெற்கே சாய்ந்து உச்சியிலேயே 53 டிகிரிக்கு இறங்கும்போது 1.1 மீட்டர் வேண்டும். ஆனால் அது மார்கழி, கொஞ்சம் வெயில் வந்தாலும் தாங்கலாம். அதே ஜன்னல் மேற்கே பார்த்திருந்தால்? சமபகல் நாளில் சூரிய நேரப்படி மாலை நான்கு மணிக்கு முழு நிழல் தர சன்ஷேடு 2.7 மீட்டர் நீள வேண்டும். ஐந்து மணிக்குக் கிட்டத்தட்ட ஆறு மீட்டர். அது சன்ஷேடு அல்ல, இன்னோர் அறை. மேற்குச் சுவரில் கிடைமட்டமாக எதையும் நீட்டி வெயிலைத் தடுக்க முடியாது.

செங்குத்தான பலகைகள் வைக்கலாமே என்று தோன்றும். சுவருக்குச் செங்கோணமாக வைத்தால் பயனில்லை. பங்குனி மாலையில் சூரியன் ஏறக்குறைய நேர் மேற்கில் இருப்பதால் பலகைகளின் இடைவெளி வழியே நேராக உள்ளே வந்துவிடும். பலகைகளைச் சாய்த்து வைக்க வேண்டும். அகமதாபாத்தில் 1954-இல் கட்டி முடித்த மில் உரிமையாளர் சங்கக் கட்டடத்தில் கட்டடக் கலைஞர் லெ கொர்புசியே இதைத்தான் செய்தார். சாலையைப் பார்த்த மேற்கு முகப்பில் கான்கிரீட் பலகைகள் சாய்ந்து நிற்கின்றன, சபர்மதி ஆற்றைப் பார்த்த கிழக்கில் நேராக நிற்கின்றன. மாலை வெயிலைத் தடுத்து, ஆற்றுக் காட்சியை விட்டுவைத்தார். அவருக்கே இது கசப்பான பாடத்திலிருந்து கிடைத்த அறிவு. 1933-இல் பாரிஸில் அவர் சால்வேஷன் ஆர்மிக்குக் கட்டிய விடுதியின் தெற்கு முகப்பைத் திறக்க முடியாத கண்ணாடியால் மூடினார். திட்டமிட்ட குளிரூட்டும் ஏற்பாடு செலவு காரணமாக வரவில்லை, கோடையில் உள்ளே இருக்க முடியவில்லை. பிற்பாடு அந்த முகப்பில் வெயில் தடுப்புகள் வைக்க வேண்டியதாயிற்று. பாரிஸ் வெயிலுக்கே அந்தக் கதி.

கிழக்கும் மேற்கும் தொல்லை, வடக்கு பாதுகாப்பு என்று ஐரோப்பிய, அமெரிக்கப் பாடநூல்கள் சொல்லும். அங்கே அது சரி. தமிழகத்தில் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஏப்ரல் கடைசி வாரத்தில் சென்னையின் தலைக்கு நேர் மேலே வரும் சூரியன், அதன்பின் ஆகஸ்ட் நடுப்பகுதிவரை உச்சிவேளையில் வடக்குப் பக்கமாகவே நிற்கிறது. ஜூன் மாதத்தில் தெற்குச் சுவரில் நேர்வெயில் நாள் முழுக்க ஒரு நிமிடமும் விழாது. வடக்குச் சுவரில் காலை முதல் மாலைவரை விழும். கத்திரி கழிந்தும் காங்கை குறையாத மாதங்கள் அவை. நல்ல வேளையாக அந்த வெயில் சுவரை ஒட்டிச் சாய்வாக உரசிப் போவதால் தடுப்பது எளிது. ஒரு மீட்டருக்கு ஒன்றாக 45 சென்டிமீட்டர் அகலச் செங்குத்துப் பலகைகளும் மேலே சிறிய சன்ஷேடும் வைத்தால் போதும். ஆனால் ஒன்றும் வைக்காமல் வடக்கு என்ற தைரியத்தில் முழுக் கண்ணாடி போடுகிறவர்கள் ஏமாந்துபோகிறார்கள்.

இந்தியக் கட்டட விதிகள் எழுதியவர்கள் இதைக் கவனித்திருக்கிறார்கள், மகிழ்ச்சியான விஷயம். 2001 எரிசக்திச் சேமிப்புச் சட்டத்தின் கீழ் 2007-இல் வந்து 2017-இல் திருத்தப்பட்ட ஈசிபிசி விதித்தொகுப்பு, இணைப்பு மின்பளு 100 கிலோவாட்டும் அதற்கு மேலும் உள்ள வணிகக் கட்டடங்களுக்கானது. 2017 பதிப்பின் நேரடி விதிமுறை வழியில், வெப்பமான பகுதிகளில் ஜன்னல் கண்ணாடியின் எஸ்ஹெச்ஜிசி 0.27-ஐத் தாண்டக் கூடாது. வடக்கு ஜன்னலுக்கு 0.50 வரை சலுகை உண்டு, ஆனால் 15 டிகிரி அட்சரேகைக்கு வடக்கே உள்ள ஊர்களுக்கு மட்டும். ஹைதராபாத்துக்கு உண்டு. சென்னைக்கும் பெங்களூருக்கும் மதுரைக்கும் கிடையாது. ஜன்னல் பரப்பு சுவரில் 40 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், ஒளி ஊடுருவல் 27 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. கடைசியில் சொன்னது முக்கியமான விதி. அது இல்லாவிட்டால் வெப்பத்தைக் குறைக்கிறேன் என்று கறுப்புக் கண்ணாடி போட்டுப் பகலை இரவாக்கிவிடுவார்கள்.

அதே தொகுப்பு வெளிச்சத்தையும் அளக்கச் சொல்கிறது. மேசை மட்டத்தில் 100 முதல் 2,000 லக்ஸ் வரையிலான இயற்கை ஒளியைத்தான் பயனுள்ள ஒளி என்று எடுத்துக்கொள்கிறது. 2,000-க்கு மேலே போனால் அது கூச்சம், வெப்பம். அதிக வெளிச்சமே நல்ல வெளிச்சம் என்ற பழைய கருத்தை இது ஒதுக்கிவிட்டது. குறை ஒன்று உண்டு. நேரடி விதிமுறைகளைப் பின்பற்றாமல், கட்டடம் முழுதின் ஆற்றல் கணக்கைக் கணினியில் காட்டியும் அனுமதி பெறலாம். அந்த வழியில், அதிகக் கண்ணாடியின் கேட்டைத் திறன் மிகுந்த ஏசி இயந்திரத்தால் சரிக்கட்டிவிட முடிகிறது. பதினைந்து, இருபது ஆண்டுகளில் தேய்ந்து மாற்றப்படப்போகும் இயந்திரத்தைக் காட்டி, அறுபது ஆண்டு நிற்கப்போகும் சுவரில் தவறு செய்ய அனுமதிப்பது எனக்கு ஏற்புடையதாகத் தெரியவில்லை. சிங்கப்பூர் இதில் வேறு பாதையில் போனது. 1979-லேயே ஏசி போட்ட கட்டடங்களின் வெளிச்சுவர் வழியே வரும் வெப்பத்துக்குச் சதுர மீட்டருக்கு 45 வாட் என்று உச்சவரம்பு வைத்தது. பின்னாளில் கணக்கிடும் முறையைத் திருத்தி 50 வாட் என்று ஆக்கியது. கண்ணாடியா, சுவரா, நிழலா என்பது கட்டுபவரின் விருப்பம். ஆனால் சுவரின் கணக்கு சுவருக்குள்ளேயே முடிய வேண்டும்.

விதிகளைவிடப் பெரிய தடை மனையின் கிடப்பு. சென்னையில் ஐடி அலுவலகங்கள் நிறைந்த ராஜீவ் காந்தி சாலை கடற்கரைக்கு இணையாக வடக்கு தெற்காக ஓடுகிறது. அதன் இருபுறமும் மனைகள் சாலையைப் பார்த்திருக்கின்றன. சாலையைப் பார்த்து அகலமான கண்ணாடி முகப்பு வைத்தால் அது கிழக்கையோ மேற்கையோதான் பார்க்கும். தமிழகத்தின் மிகப்பெரிய அலுவலகத் தொகுப்பு, வெயிலைத் தடுப்பது மிகக் கடினமான இரண்டு திசைகளுக்கும் தன் அகன்ற முகத்தைக் காட்டிக்கொண்டிருக்கிறது. கண்ணாடியில் பட்டுத் திரும்பும் வெயில் எதிர்ச்சாரிக் கட்டடத்தின் மேல் விழுவது தனிக் கணக்கு. 2013-இல் லண்டனில் குழிந்த முகப்புள்ள ஒரு கோபுரம் வெயிலைக் குவித்துத் தெருவில் நின்ற காரின் பாகங்களையே உருக்கியது. அடுத்த ஆண்டு அதற்கும் வெளியே தடுப்பு கட்டினார்கள்.

மாற்று வழி மனையைத் திருப்புவதல்ல. கட்டடத்தின் குறுகிய பக்கத்தைச் சாலைக்குக் காட்டி, நீண்ட பக்கங்களை வடக்கும் தெற்குமாக வைப்பது. சாலையைப் பார்த்த சுவரில் லிஃப்ட், படிக்கட்டு, கழிப்பறை, மின்சார அறைகள் வரலாம். அவற்றுக்குக் கண்ணாடி தேவையில்லை. சாலையிலிருந்து பார்த்தால் பகட்டு குறையும், முதலீட்டாளர் முகம் சுளிப்பார். கட்டடக் கலைஞர் தன் வாதத்திறனைச் செலவிட வேண்டிய இடம் அதுதான். இந்த முடிவு முதல் வரைபடத்திலேயே எடுக்கப்பட்டுவிடும், அதன்பிறகு எந்தக் கண்ணாடி விற்பனையாளராலும் அதைச் சரிசெய்ய முடியாது.

இதற்கெல்லாம் முன்னுதாரணம் தேடித் தொலைதூரம் போக வேண்டாம். புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்ட் விடுதி 1930களில் அந்தோனின் ரேமண்ட் வடிவமைத்தது. வடக்கு, தெற்கு முகங்கள் முழுக்கக் கண்ணாடிக்குப் பதில் திருப்பக்கூடிய லூவர்கள். வெயில் வேண்டாம், காற்றும் மென்மையான ஒளியும் வேண்டும் என்று கையாலேயே தீர்மானித்துக்கொள்ளலாம். அது குடியிருப்பு, அலுவலகம் அல்ல. அலுவலகத்துக்கு எடுத்துக்காட்டு கொழும்பில் இருக்கிறது. ஜெஃப்ரி பாவா 1970களின் பிற்பகுதியில் கட்டிய அரச ஈட்டு வங்கிக் கட்டடம் பல மாடி உயரத்திலும் இயற்கைக் காற்றோட்டத்துக்காகவே யோசிக்கப்பட்ட மெல்லிய கட்டடம். நம் ஊர்ப் பழைய ஆட்சியர் அலுவலகங்களின் ஆழ்ந்த தாழ்வாரங்களும் வெயிலை நன்றாகவே நிறுத்தின. ஆனால் உள்ளே இருட்டு, எழுத்தர் மேசைகளுக்குப் பகலிலும் விளக்கு வேண்டியிருந்தது. பழையது எல்லாம் சரி என்று சொல்லிவிட முடியாது.

இருட்டுக்குக் காரணம் ஆழம். பக்கவாட்டு ஜன்னலிலிருந்து வரும் ஒளி, ஜன்னலின் மேல்விளிம்பு உயரத்தைப்போல ஒன்றரை மடங்கு, அதிகம் போனால் இரண்டு மடங்கு தூரம்தான் பயனுள்ள அளவில் உள்ளே போகும். மேல்விளிம்பு மூன்று மீட்டர் என்றால் ஐந்து, ஆறு மீட்டர். முப்பது மீட்டர் ஆழமான ஐடி மாடியில் வெளிச்சுவர் முழுதையும் கண்ணாடியாக்கினாலும் நடுவில் இருப்பவருக்கு அதனால் ஒன்றும் கிடைக்காது. சுவர் ஓரம் 5,000 லக்ஸ், நடுவில் வெறும் 20 லக்ஸ் என்றால் கண் ஓரத்து வெளிச்சத்துக்குப் பழகிவிட்டு நடுப்பகுதியை உள்ளதைவிட இருட்டாகக் காணும், விளக்கு இன்னும் கூடுதலாகத் தேவைப்படும். ஹைதராபாத்தில் இன்ஃபோசிஸ் கட்டிய அலுவலகம் ஒன்று இதற்கு நேர் எதிர். ஒரே கட்டடத்தின் ஒரு பாதியில் வழக்கமான ஏசியும் மறுபாதியில் குளிர்நீர்க் குழாய் பதித்த கூரையும் வைத்து ஒப்பிட்டுப் பார்த்ததால் அது பேசப்பட்டது. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, அங்கே முழுக் கண்ணாடி முகப்பைக் கைவிட்டு, நிழலுக்குள் அளவான ஜன்னல்களை வைத்தது.

அத்தகைய ஜன்னலின் வெட்டுத்தோற்றத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். இரண்டு மீட்டர் உயரத்துக்குச் சற்று மேலே ஒரு கிடைமட்டப் பலகை ஜன்னலை இரண்டாகப் பிரிக்கிறது. கீழ்ப்பகுதி வெளியே பார்ப்பதற்கு, வெப்பம் தடுக்கும் கண்ணாடி. கண் கூசினால் பிளைண்ட்ஸ் இறக்குவதும் இந்தப் பகுதிக்கு மட்டும்தான். மேல்பகுதி ஒளிக்கு, தெளிந்த கண்ணாடி. பலகையின் மேல்பரப்பு வெள்ளை. அதில் படும் ஒளி வெள்ளைக் கூரைக்கு ஏறி, அங்கிருந்து ஆழமாக உள்ளே சிதறுகிறது. கீழே பிளைண்ட்ஸ் மூடியிருந்தாலும் மேலே வெளிச்சம் நிற்பதில்லை. நம் தூசியில் இந்தப் பலகையைத் தவறாமல் துடைக்காவிட்டால் பயன் பாதியாகக் குறையும். பராமரிப்பு ஒப்பந்தத்தில் அதை எழுதி வைக்க வேண்டும். வெளி லூவர்களுக்கும் இதே எச்சரிக்கை. கடற்காற்றின் உப்பு, புறா எச்சம், 2016-இல் வர்தா புயல் காட்டிய காற்றின் வேகம் எல்லாவற்றையும் எண்ணித்தான் வடிவமைக்க வேண்டும். நகரும் லூவர்களைவிட அசையாமல் நிற்கும் கான்கிரீட் பலகையையே நான் பரிந்துரைப்பேன். மின்சாரத்தால் நிறம் மாறும் கண்ணாடி போன்ற புதுமைகள் விலை இறங்கும்வரை காத்திருக்கலாம்.

ஒரு பழைய வாதத்தை மறுபரிசீலனை செய்ய வேண்டியிருக்கிறது. குண்டு பல்பு காலத்தில் ஒரு வாட் மின்சாரத்துக்குப் பதினைந்து லூமன்கூடக் கிடைக்கவில்லை. வெயிலில் ஒரு வாட் ஆற்றலுக்குச் சுமார் நூறு லூமன். ஜன்னலைப் பெரிதாக்கினால் மின்சாரம் மிச்சமாகும் என்று அன்று சொன்னது நியாயம். இன்று எல்ஈடி விளக்கும் வாட்டுக்கு நூறு லூமனைத் தாண்டிவிட்டது, வேண்டிய மேசைக்கு வேண்டிய அளவு மட்டும் தருகிறது. 500 லக்ஸ் தர ஒரு சதுர மீட்டருக்குப் பத்து வாட்கூடத் தேவையில்லை. விளக்கை அணைப்பதால் கிடைக்கும் மிச்சம் சுருங்கிவிட்டதால், பெரிய கண்ணாடிக்கு ஆற்றல் சேமிப்பைக் காரணம் காட்ட முடியாது. பகல் வெளிச்சம் வேண்டும் என்பதற்குக் காரணம் மனிதர்கள். மணி என்ன, மேகம் மூடியிருக்கிறதா, மழை வருகிறதா என்பது வேலை செய்பவருக்குத் தெரிய வேண்டும். திரையைப் பார்த்துச் சோர்ந்த கண் தூரத்தில் இளைப்பாற வேண்டும். அதற்குச் சரியான இடத்தில், நிழலுக்குள் வைத்த அளவான ஜன்னல் போதும். சுவரில் மூன்றில் ஒரு பங்குகூட ஆகாது.

இவ்வளவு தெரிந்தும் ஏன் கட்டுவதில்லை? கட்டுபவர் ஒருவர், மின்கட்டணம் கட்டுபவர் வேறொருவர். வாடகைக்கு விடும் நிறுவனத்துக்கு நிழல் பலகை செலவு, கண்ணாடி முகப்பு விளம்பரம். அதிகப்படி ஏசிக்கான பில் குத்தகைதாரருக்குப் போகிறது. மனையைச் சுற்றி விட வேண்டிய காலியிடத்துக்குள் சன்ஷேடு நீட்டிக்கொள்ளும் அகலத்துக்கும் கட்டட விதிகளில் வரம்பு உண்டு. வெயில் தடுப்புக்கென்றே அந்த வரம்பைத் தளர்த்துவது அரசால் செலவில்லாமல் செய்யக்கூடிய காரியம். திட்ட அனுமதிக்கு விண்ணப்பிக்கும்போது ஜூன், மார்ச், டிசம்பர் மாதங்களின் மாலை நான்கு மணி நிழல் படத்தை ஒவ்வொரு முகப்புக்கும் கேட்கலாம். மென்பொருளில் சில மணி நேர வேலைதான்.

ஏற்கெனவே நிற்கும் கட்டடங்களை இடிக்க முடியாது. வெப்பம் தடுக்கும் ஃபிலிம் ஒட்டுவது ஓரளவு உதவும், ஆனால் வெப்பம் உறிஞ்சும் ஃபிலிம் சில கண்ணாடிகளில் விரிசல் விடச் செய்யும் என்பதால் உற்பத்தியாளரைக் கேட்டுவிட்டுச் செய்ய வேண்டும். மேற்கு முகப்பில் தனிச் சட்டம் நிறுத்தி, துளையிட்ட அலுமினியத் தகடுகள் பொருத்தலாம். பெரிய செலவில்லாமல் செய்யக்கூடியவையும் சில உண்டு. விளக்குகளின் ஸ்விட்சுகளை ஜன்னலுக்கு இணையான வரிசைகளாகப் பிரித்தால் ஓர வரிசையைப் பகலில் அணைத்துவைக்கலாம். பெரும்பாலான மாடிகளில் வரிசைகள் ஜன்னலுக்குக் குறுக்கே ஓடுவதால் ஒன்றை அணைத்தால் இருட்டில் இருப்பவரின் விளக்கும் அணைந்துவிடுகிறது. மேலாளர்களின் அறைகள் ஜன்னலை ஒட்டி நின்று மற்றவர்களின் ஒளியை மறைக்கின்றன. அவற்றை மாடியின் நடுவுக்குக் கொண்டுபோய், வேலை மேசைகளை வடக்கு, தெற்கு ஓரங்களுக்கு நகர்த்தி, மேற்கு ஓரத்தில் அச்சு இயந்திரங்களையும் கோப்பு அலமாரிகளையும் நடைபாதையையும் வைக்கலாம். குத்தகை புதுப்பித்து உள் அலங்காரம் மாற்றும் நேரத்தில் இதைச் செய்வது எளிது.